ஒரு புண்ணின் சரித்திரம்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் முகவைச் சீமையின் மாணவர்களுக்குச் சேதுபதிகளின் கொடையும், இராமேசுவரம் திருக்கோயிலின் நெடும் பிராகாரங்களும், பாம்பன் பாலமும் நினைவுக்கு வரும். அவை நினைக்கத் தக்கவையே. ஆயினும் மன்னருக்கு உள்ளது போல நோய்க்கும் ஒரு சரித்திரம் உண்டு, மருந்துக்கும் உண்டு, அம்மருந்தினால் விளையும் துன்பத்திற்கும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இம்மூன்றாவது வகையைச் சேர்ந்தது. புற்றுநோய்க்கு மருத்துவம் செய்துகொள்வோரின் வாயில், அம்மருத்துவத்தாலேயே தோன்றும் புண்ணின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன்.

மாணவ அன்பர்களே! இளமையும் உடல்நலமும் நிறைந்த உங்களிடம் இதனை ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ வெற்றிலை போடுபவராக இருக்கலாம். மருத்துவமனையில் எழுதிக் கொடுக்கும் சீட்டை வாசித்துச் சொல்லும் பொறுப்பு, பல வீடுகளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கே வந்து சேருகிறது. அந்தச் சீட்டில் உள்ளதன் காரணம் தெரிந்த பிள்ளை ஓர் உயிரைக் காக்க முடியும். ஆதலால் இது உங்களுக்குரிய பொருளே ஆகும்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது பார்ப்போம். தாம்பூலம் நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். திருமணத்தை உறுதி செய்யும்போது தாம்பூலம் மாற்றுகிறோம். வந்தவரை வெற்றிலை பாக்குக் கொடுத்து வழியனுப்புகிறோம். வெற்றிலையும் பாக்கும் தொன்மையானவை. நம் கடற்கரையில் கிளிஞ்சல் சுட்டு ஆக்கும் சுண்ணாம்பும் தொன்மையானதே. ஆனால் புகையிலை அப்படிப்பட்டதன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியரோடு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. வந்த விருந்தாளி, நாளடைவில் வெற்றிலைப் பெட்டியில் ஓர் அறையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் விளைந்த வாய்ப்புகையிலைக்கு ஒரு காலத்தில் திருவிதாங்கூரே பெரிய சந்தையாக இருந்தது. தோணிகள் அதனை ஏற்றிக்கொண்டு நம் பாம்பன் கால்வாயைக் கடந்து தெற்கே சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த வாணிகத்தைத் திருவிதாங்கூர் அரசு தன் ஏகபோக உரிமையாகவே வைத்திருந்தது என்றால், அதன் பெருமதிப்பை நீங்கள் உணரலாம். மக்கள் அப்புகையிலையைத் தாம்பூலத்தோடு சேர்த்துக் கன்னத்தின் உட்புறத்தில், கொடுப்பில், நெடுநேரம் அடக்கி வைத்துக்கொண்டார்கள். அடக்கி வைத்த அந்த இடத்திலேயே பலருக்குப் புற்று தோன்றியது.

இதனைக் கண்டு எழுதி வைத்தவர்களுள் நெய்யூர் மருத்துவர்கள் முக்கியமானவர்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கே 1838-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள் மருத்துவப் பணி தொடங்கினார்கள். அம்மருத்துவமனையைச் சேர்ந்த பெண்டால் என்பவர், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய ஒரு தொகுப்பை 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே இடத்தில் பணிபுரிந்த ஆர் என்னும் மருத்துவர், 1933-இல் தாம்பூலம் போடுவோரின் வாய்ப்புற்று குறித்து இலண்டன் லான்செட் இதழில் எழுதினார். எவரெஸ்டு சிகரத்தில் ஏற முயன்ற 1922, 1924-ஆம் ஆண்டுக் குழுக்களில் பங்குகொண்ட சோமர்வெல் என்ற அறுவை மருத்துவரும் அக்காலத்தில் நெய்யூரில் தொண்டாற்றியவரே. நம் தென்கோடியில் வாய்ப்புற்று மிகுந்திருந்தது என்பதை உலக மருத்துவர்கள் இத்தகைய ஏடுகள் வாயிலாகவே அறிந்தார்கள்.

நோயைக் கண்டறிந்தாயிற்று, அதனைத் தீர்ப்பது எப்படி? வெட்டி எடுப்பது ஒரு வழி. மற்றொரு வழி, ஜெர்மனியில் ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததாலும், பாரிசில் கியூரி தம்பதியர் 1898-இல் ரேடியத்தைக் கண்டுபிடித்ததாலும் பிறந்தது. கதிர்கள் புற்றை அழிக்கும் என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவை நல்ல தசையையும் சுட்டுவிடும் என்பதும் உடனே தெரிந்துவிட்டது. ஒரே முறையில் மிகுதியாகக் கொடுத்தால் புற்று கரையும். கூடவே சுற்றியுள்ள தசையும் அழுகிப்போகும். குறைவாகக் கொடுத்தால் தசை பிழைக்கும், புற்றும் பிழைக்கும். இந்தச் சிக்கலில் மருத்துவ உலகம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தவித்தது.

அதற்கு வழி கண்டவர்கள் பாரிசு ரேடியம் நிலையத்தைச் சேர்ந்த ரெகோ என்பவரும் அவருடைய துணைவர் கூத்தார் என்பவரும் ஆவர். மொத்த அளவைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, நாள்தோறும் பல வாரங்கள் கொடுத்தால், நல்ல தசை இடையிடையே தன்னைச் சீர்செய்துகொள்கிறது. புற்றுக்கு அந்தத் திறமை குறைவு. இதுவே அவர்கள் கண்ட உண்மை. தொண்டையில் முற்றிய புற்றையும் இவ்வாறு கதிரால் குணப்படுத்தலாம் என்பதைக் கூத்தார் 1922-இல் பாரிசில் கூடிய ஒரு பன்னாட்டு மாநாட்டில் எடுத்துக் காட்டினார்.

நம் கதையின் நாயகமாகிய புண் இங்கேதான் அரங்கில் ஏறுகிறது. கூத்தார் தம் நோயாளிகளின் வாயையும் தொண்டையையும் நாள்தோறும் உற்றுப் பார்த்துக் குறித்து வைத்தார். மருத்துவம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனதும் உட்தோல் சிவந்து, அதன்மேல் வெண்மையான ஏடு படர்ந்தது. மேல் தோலில் புண் தோன்றியதோ அதற்கும் பின்னர்தான். மருத்துவம் முடிந்தபின் அந்த வாய்ப்புண் தானாகவே ஆறியது. இது தற்செயலாக வரும் விபத்தன்று, குறித்த நாளில் தோன்றிக் குறித்த காலத்தில் ஆறும் ஒழுங்குடைய நிகழ்ச்சி என்று அவர் கண்டார். கதிரை எவ்வளவு கொடுப்பது என்று துல்லியமாக அளக்கும் கருவிகள் வளராத அக்காலத்தில், அந்தப் புண்ணே மருத்துவருக்கு அளவுகோலாக உதவியது.

இந்த ஒழுங்கு எதனால் உண்டாகிறது? நம் வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்தோலைச் சளிச்சவ்வு என்பர். சூடான காப்பியும், மிளகாயும், மீன் முள்ளும் அதனை ஓயாமல் தேய்க்கின்றன. ஆகவே அது ஓயாமல் புதுப்பிக்கப்பட வேண்டியதாகிறது. அதன் அடித்தளத்தில் உள்ள உயிரணுக்கள் பிரிந்து பெருகி மேலே வர, மேலே தேய்ந்தவை உதிர்கின்றன. ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அந்தப் போர்வை முழுதும் புதியதாகிவிடுகிறது. புற்றின் உயிரணுக்களும் விரைந்து பெருகுபவையே. பெருகும் உயிரணுக்களையே கதிர் அழிக்கிறது. அதற்கு நல்லவன் கெட்டவன் என்ற பேதம் தெரியாது. பெருகுபவன் யார் என்பதே தெரியும். அடித்தளம் பெருகுவது தடைப்பட்டவுடன் மேற்போர்வை வழக்கம்போல் தேய்ந்து உதிர்கிறது. அந்த இடத்தை நிரப்பப் புதியது வருவதில்லை. கூரையில் பழைய ஓலை உதிர்ந்தபின் புது ஓலை வேயாவிட்டால் என்ன ஆகும்? உள்ளே வெயிலும் மழையும் விழும். அதுபோல வாயின் உள்தசை திறந்து ரணமாகிறது. பழைய போர்வை தேய்ந்து தீர இரண்டு வாரம் ஆவதால்தான் புண்ணும் இரண்டாம் வாரத்தையொட்டித் தோன்றுகிறது. கூத்தார் குறித்து வைத்த நாட்கணக்கின் இரகசியம் இதுவே.

இனி நம் தமிழகத்திற்குத் திரும்புவோம். நம் மாவட்டத்திற்கு அடுத்த புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்ற அவர், தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டவர். அந்தத் துயரத்தை அவர் ஒரு நிலையமாகவே மாற்றினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அம்மையாரின் புதல்வர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அதனை வளர்த்தார். 1955-இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அதனைத் தம் இல்லமாகவே கொண்டார்.

1957-இல் அந்நிலையத்தில் கனடா நாட்டிலிருந்து வந்த கோபால்ட் இயந்திரம் நிறுவப்பட்டது. இந்த மாற்றத்தின் பொருளை நீங்கள் உணர்ந்துகொள்ள வேண்டும். பழைய எக்ஸ் கதிர்கள் வலிமை குறைந்தவை. அவை மேல் தோலைச் சுட்ட பின்னரே உள்ளே சென்றன. ஆகவே தோல் தாங்கும் அளவே மருத்துவத்தின் எல்லையாக இருந்தது. கோபால்ட்டின் கதிரோ தோலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ஆழத்தில் சென்று தன் வேலையைச் செய்தது. தோல் பிழைத்தது. ஆனால் வாய்ப்புற்றுக்குக் கதிர் கொடுக்கும்போது வாயின் சளிச்சவ்வுதானே அந்த ஆழத்தில் இருக்கிறது? எனவே வாய் தாங்கும் அளவே புதிய எல்லையாயிற்று. மருத்துவம் முன்னேற முன்னேற வாய்ப்புண்ணின் முக்கியத்துவம் குறையவில்லை; கூடியது.

அடையாற்று மருத்துவர்கள் கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, முற்றிய வாய்ப்புற்றை வெல்ல முயன்றார்கள். ப்ளியோமைசின் என்ற மருந்தைக் கதிரோடு சேர்த்தளித்த ஆய்வு குறித்துச் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1980-இல் எழுதியுள்ளார்கள். கதிரும் மருந்தும் கைகோக்கும்போது புற்றின்மேல் விழும் அடி பலமாகிறது; வாயின்மேல் விழும் அடியும் பலமாகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் கதையைச் சொன்னபின் மீண்டும் இங்கே வருவேன்.

மருந்தின் கதையும் நம் நாட்டிலேயே தொடங்குகிறது. இலண்டனைச் சேர்ந்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைகளில் உழைக்கும் ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். நல்ல உணவு இல்லாமையே காரணம் என்று ஐயுற்ற வில்ஸ், ஈஸ்டு என்னும் நொதியின் சாறு அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931-இல் அறிவித்தார். நீலகிரியில் உள்ள குன்னூரிலும் அவர் தம் ஆய்வை நடத்தியதுண்டு. நொதியில் இருந்த அந்தப் பெயர் தெரியாப் பொருளை அமெரிக்க அறிஞர்கள் 1941-இல் பல டன் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். உயிரணுக்கள் பெருகுவதற்கு இப்பொருள் இன்றியமையாதது. இது குறைந்தால் இரத்தம் குறையும். நாக்கும் வாயும் புண்ணாகும். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம் என்பதை இங்கே நீங்கள் நினைவுகூரலாம்.

இந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, முத்துலட்சுமி அம்மையார் பயின்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவுக்குச் சென்று லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அவர். பாஸ்டன் நகரில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது நோய் விரைந்து வளர்வதாகக் கண்டார். அவர் சோர்ந்துவிடவில்லை. கொடுத்தால் நோய் வளருமாயின், தடுத்தால் நோய் தேய வேண்டுமன்றோ என்று எண்ணினார். சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தினர் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வேலையைச் செய்யாமல் கெடுக்கும் பொருள்களை ஆக்கியிருந்தார்கள். அவற்றுள் அமினோப்டெரின் என்பதை ஃபார்பர் 1947-ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை சில மாதங்களில் உயிரைப் பறித்துவந்த அந்நோய், 16 குழந்தைகளுள் 10 பேரிடம் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூன் மாதத்தில் வெளிவந்த அந்த அறிக்கையில், மருந்தின் தீமையாக ஃபார்பர் குறித்தவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? வாய்ப்புண்!

வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஃபோலிக் அமிலம் உணவில் குறைந்தால் வாய் புண்ணாகும் என்று பார்த்தோம். மருந்தால் அதனைத் தடுத்தாலும் அதே விளைவுதான் ஏற்படும். பம்பாய் ஏழைப் பெண்களின் உடலில் பஞ்சம் உண்டாக்கிய குறையையே, பாஸ்டன் மருத்துவர் புற்றின்மேல் ஏவினார். அமினோப்டெரினுக்குப் பின்வந்த மெத்தோட்ரெக்சேட் என்ற உடன்பிறந்த மருந்தும் இன்றளவும் பயன்படுகிறது. வாய்ப்புண் தோன்றினால் மருந்தின் அளவு உடலின் எல்லையைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர்கள் அறிந்துகொண்டார்கள். கூத்தாருக்குப் போலவே இவர்களுக்கும் வாய் ஓர் அறிவிப்புப் பலகையாயிற்று. பின்னர் 1970-களில், மெத்தோட்ரெக்சேட்டை மிகப் பெரிய அளவில் கொடுத்து, குறித்த மணி நேரம் கழித்து லூக்கோவோரின் என்ற மாற்று மருந்தால் நல்ல உயிரணுக்களை மீட்கும் முறையும் வளர்ந்தது. சுப்பாராவ் இவற்றை எல்லாம் காணவில்லை. 1948 ஆகஸ்டு மாதத்தில், 53 வயதில் அவர் காலமானார்.

இவ்வாறு கதிர், மருந்து என்னும் இரு பாதைகளும் ஒரே புண்ணில் வந்து முடிகின்றன. மருந்தால் வரும் புண் பெரும்பாலும் ஒரு வாரத்தையொட்டித் தோன்றி, இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். கதிரால் வரும் புண் இரண்டு மூன்று வாரத்தில் தோன்றி, மருத்துவம் நடக்கும் வரையில் நீடித்து, முடிந்த சில வாரங்களுக்குப் பின்னரே ஆறும். உலக சுகாதார நிறுவனம் 1979-இல் இதற்குச் சுழியம் முதல் நான்கு வரை படிகள் வகுத்தது. சிவந்து எரிவது முதற்படி. கெட்டி உணவை உண்ண முடிவது இரண்டாம் படி. நீருணவு மட்டுமே இறங்குவது மூன்றாம் படி. அதுவும் இறங்காதது நான்காம் படி. இந்த அளவுகோல் வாயின் தோற்றத்தோடு நின்றுவிடாமல், நோயாளி என்ன உண்ண முடிகிறது என்பதையும் கேட்பது கருதத் தக்கது.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். வாய்ப்புற்றுக்குக் கதிர் மருத்துவம் ஆறு ஏழு வாரங்கள், வாரத்திற்கு ஐந்து நாட்கள் நடைபெறுவது வழக்கம். இராமேசுவரத்திலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. மதுரை அண்மையது, ஆயினும் நாள்தோறும் சென்று வரும் தொலைவன்று. வேலையை விட்டு, வீட்டை விட்டு, வாடகைக்கு இடம் பிடித்து ஒருவர் தங்கியிருக்கிறார். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரிவதில்லை. மூன்றாம் வாரம் வாய் எரிகிறது. நான்காம் வாரம் உமிழ்நீரை விழுங்கவும் முடியவில்லை. 'நோயைவிட மருத்துவம் கொடியது' என்று எண்ணி அவர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். மருத்துவம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் வாரத்தில்தான் அவர் அதனைக் கைவிடுகிறார். இதுவே இந்தப் புண்ணின் உண்மையான அபாயம்.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை 1988-இல் விதர்ஸ் என்பவரும் அவர் துணைவர்களும் ஆராய்ந்து எழுதினார்கள். கதிர் தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரம் ஆனபின், எஞ்சியிருக்கும் புற்றின் உயிரணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அப்போது மருத்துவத்தை நிறுத்தினால், நிறுத்திய ஒவ்வொரு நாளும் நோய்க்கே ஆதாயம். வாய் எந்த வாரத்தில் ஓய்வு கேட்கிறதோ, அந்த வாரத்தில்தான் நோய்க்கு ஓய்வு தரக்கூடாது. இந்த முரண்பாட்டை நோயாளிக்கு முன்பே விளக்கிச் சொல்லிவிட்டால், அவருக்குத் தாங்கும் மனவலிமை பிறக்கிறது.

எங்கள் ஊரில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கடல் தொழில் செய்யும் ஒரு பெரியவர், நகரத்து மருத்துவமனை ஒன்றில் கதிர் மருத்துவம் செய்துகொண்டிருந்தவர், நான்காம் வாரத்தில் ஊர் திரும்பிவிட்டார். "லைட்டு வைத்து வைத்து என் வாயையே வேகவைத்துவிட்டார்கள், வாத்தியாரய்யா, இனிமேல் போக மாட்டேன்" என்று எழுதிக் காட்டினார், பேச முடியவில்லை. அவருடைய பேத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. மருத்துவமனைச் சீட்டில் தேதிகளை எண்ணிப் பார்த்து அவள் சொன்னாள்: "தாத்தா, இருபத்தெட்டு வேளையில் பதினெட்டு முடிந்துவிட்டது. புண் வந்தது பதினோராம் வேளைக்குப் பிறகு. எங்கள் அறிவியல் புத்தகத்தில் தோல் எப்படி வளரும் என்று படம் இருக்கிறது. மருந்து வேலை செய்வதால்தான் புண் வந்திருக்கிறது. பாக்கிப் பத்து வேளையையும் நாம் முடித்துவிடுவோம்." அவள் பேசியதில் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை; கணக்கு மட்டுமே இருந்தது. ஆசிரியனாகிய எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. பெரியவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை இரயிலேறினார். பத்து வேளையும் முடித்துவிட்டுத் திரும்பிய அவருக்கு, அடுத்த ஒரு மாதத்தில் வாய் ஆறியது.

தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதோடு இன்றைய மருத்துவம் நின்றுவிடவில்லை. கதிர் தொடங்குமுன் பற்களைச் சோதித்துச் சொத்தையைச் சீர்செய்கிறார்கள். உப்பும் ஆப்பச்சோடாவும் மருத்துவமனை சொல்லும் அளவில் கலந்த நீரால் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். மென்மையான தூரிகையால் பல் துலக்கச் சொல்கிறார்கள். வலிக்கு மருந்தும், உணவு இறங்காதவருக்கு மூக்கின் வழியே குழாயும் உண்டு. புளியும் மிளகாயும் கருவாட்டுக் குழம்பும் அப்போது ஆகா. ஆறிய கஞ்சியும் உப்புக் குறைந்த மோரும் இளநீரும் நன்கு இறங்கும். ஃபுளூரோயுராசில் என்ற மருந்தை விரைந்து செலுத்தும்போது, சிறிது முன்பிருந்தே அரைமணி நேரம் ஐஸ்கட்டியை வாயில் வைத்திருந்தால் புண் குறைகிறது என்பதை 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குளிரால் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மருந்து அங்கே குறைவாகச் செல்கிறது. நம் மீன்பிடி துறைகளில் மீனைக் கெடாமல் காக்கும் ஐஸ், தூய நீரில் உறைந்ததாயின், இவ்வாறு மனிதரின் வாயையும் காக்கிறது. மெல்லிய சிவப்பு லேசர் ஒளியை வாயில் படச் செய்து புண்ணைத் தடுக்கும் முறையையும் பன்னாட்டு அறிஞர் குழு வெளியிட்ட 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கீரை வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று சற்று முன் சொன்னேன். அது உணவுக் குறையால் வரும் புண்ணுக்கே பொருந்தும். மருத்துவரைக் கேளாமல் சத்து மாத்திரையோ பச்சிலை மருந்தோ கொடுத்தால், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தின் வேலையை அது கெடுக்கவும் கூடும். காரணம் வேறானால் மருந்தும் வேறு என்பதை அறிவுடையார் உணர்வர்.

கடைசியாக, புண்ணுக்கும் முந்திய நோயைப் பற்றி ஒரு சொல். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இல் அறிவித்தது. பாக்கும் தானாகவே புற்றை உண்டாக்க வல்லது என்று 2004-இல் வெளியிட்டது. நெய்யூர் மருத்துவர்கள் எழுதி நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், இன்று கடைகளில் வண்ணப் பொட்டலமாகத் தொங்கும் பாக்குத்தூளைப் பள்ளிப் பிள்ளைகள் வாங்குவதை நான் பார்க்கிறேன். அப்பொட்டலத்தைத் தொடாதவர், இன்று நான் சொன்ன புண்ணுக்கு இட்டுச் செல்லும் வழிகளுள் மிகப் பெரியதை அடைத்தவர் ஆவார்.

மாணவ அன்பர்களே! நெய்யூரிலும், பாரிசிலும், பம்பாயிலும், பாஸ்டனிலும், அடையாற்றிலும் வாழ்ந்த பலர், ஒருவரையொருவர் பெரும்பாலும் காணாமலே, ஒரே புண்ணின் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். அவ்வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி எளியது. மருத்துவத்தால் வரும் வாய்ப்புண் தோல்வியின் அடையாளமன்று. எதிர்பார்த்து, குறைத்து, தாங்கி, கடக்க வேண்டிய ஒரு துறை. உங்கள் வீட்டில் ஒருவர் அத்துறையில் நின்று திரும்பிவிடலாமா என்று தயங்கும்போது, அருகில் அமர்ந்து, சீட்டை எடுத்து, எத்தனை வேளை முடிந்தது, எத்தனை வேளை பாக்கி என்று எண்ணிச் சொல்லுங்கள். மருத்துவரிடம் வலியைத் தயங்காமல் எடுத்துரைக்கவும் அவருக்குத் துணை நில்லுங்கள். படித்த பிள்ளை தன் குடும்பத்திற்குச் செய்யும் கடமைகளுள் இதுவும் ஒன்று.